கீழே பார்த்துச் சிரித்த பிள்ளை பொய் சொன்னானா?

கேள்வி: யாழ்ப்பாணத்திலிருந்து இடமாற்றம் பெற்று, விசுவமடுப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் தரம் 9 வகுப்பாசிரியையாக இருக்கிறேன். வாணி விழாவுக்காகப் பிள்ளைகளிடம் சேர்த்த 3,500 ரூபாய் என் மேசை லாச்சியிலிருந்து காணாமல் போய்விட்டது. இடைவேளையில் வகுப்பிலேயே தங்கியிருந்த ஒரு மாணவனை எழுப்பி, எல்லோர் முன்னிலையிலும் விசாரித்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. தலையைக் குனிந்து, சப்பாத்து நுனியால் நிலத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றான். "உண்மையைச் சொல்லு" என்று அதட்டியபோது உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தான். அண்மையில் ஆசிரியர்களுக்கு நடந்த உடல்மொழிப் பயிற்சிப் பட்டறையில், பேச்சின் 93 சதவீதம் உடலால்தான் நடக்கிறது என்றும், பொய் சொல்பவர் கண்ணைப் பார்க்கமாட்டார் என்றும் சொல்லித்தந்தார்கள். அதை நம்பி அதிபரிடம் அவன்தான் எடுத்திருப்பான் என்று கூறிவிட்டேன். மறுநாளிலிருந்து அவன் பாடசாலைக்கு வரவில்லை. தாய் மத்திய கிழக்கில் வேலை செய்கிறார், அம்மம்மாதான் வளர்க்கிறார். அவர் வந்து ஆசிரியர் அறை வாசலில் நின்றார். கதிரையில் உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. "எங்கள் பிள்ளைகள் பெரியவர்கள் முகத்தைப் பார்த்துக் கதைக்கமாட்டார்கள் ரீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பணம் இன்னும் கிடைக்கவில்லை. கண்ணைத் தாழ்த்துவது பிறவியிலேயே வருவதா, வளர்ப்பினால் வருவதா? குற்றம் செய்யாதவன் ஏன் சிரிக்கவேண்டும்? நான் பிழையாக வாசித்துவிட்டேனா? நேர்முகப் பரீட்சைகளுக்குப் போகப்போகும் இந்தப் பிள்ளைகளுக்குக் கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்கவேண்டாமா?

பதில்:

அன்புள்ள ரீச்சர்,

முதலில் உங்களுக்கு அவசரமாகத் தேவைப்படும் விடை. அந்த மாணவன் பணத்தை எடுத்தானா, இல்லையா என்பதை அவன் நின்ற விதத்திலிருந்து யாராலும் சொல்லமுடியாது. உங்களால் முடியாது, கிளிநொச்சியில் இருந்துகொண்டு உளவளத்துணை செய்யும் என்னாலும் முடியாது. எடுத்தும் இருக்கலாம். அம்மம்மா வந்து நின்றதைக் கண்டு மனம் இளகி, "ஐயோ, அவன் நிரபராதி" என்று இப்போது மறுபக்கம் சாய்ந்துவிடவேண்டாம். அதுவும் முகத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதுதான். அன்று நீங்கள் கண்டதெல்லாம் ஒரு பிள்ளை கூச்சத்தாலும் பயத்தாலும் ஒடுங்கி நின்றதைத்தான். ஏன் ஒடுங்கினான் என்பது அவன் முகத்தில் எழுதப்படவில்லை.

பட்டறையில் தந்த 93 சதவீதக் கணக்கை இன்றோடு மறந்துவிடுங்கள். அமெரிக்காவில் அல்பேர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967 இல் வெளியிட்ட இரண்டு சிறிய ஆய்வுகளைக் கூட்டிப் பிறந்த எண் அது: சொல்லுக்கு 7, குரலுக்கு 38, முகத்துக்கு 55. பரிசோதனையில் பங்குபற்றியவர்கள் உரையாடல் எதையும் கேட்கவில்லை. ஒற்றைச் சொற்களை வெவ்வேறு தொனியில் கேட்டார்கள். முகப் படங்களைப் பார்த்தார்கள். சொன்னவருக்கு விருப்பமா வெறுப்பா என்று ஊகித்தார்கள். அவ்வளவுதான். விருப்பு வெறுப்பைப் பற்றிய பேச்சுக்கு வெளியே இந்தக் கணக்குப் பொருந்தாது என்று மெஹ்ராபியனே தெளிவாகச் சொல்லியிருக்கிறார். அந்த 93 சதவீதக் கணக்கு உண்மையாக இருந்தால், சிங்களம் தெரியாத ஒருவர் கொழும்பில் ஓர் அலுவலகத்துக்குப் போய், சொன்னதில் 93 சதவீதத்தை விளங்கிக்கொண்டு திரும்பி வரலாம். வவுனியாவைத் தாண்டி அலுவலுக்குப் போய்வந்த எவரையாவது கேட்டுப்பாருங்கள்.

இரண்டாவது பாடம் இதைவிட ஆபத்தானது. பொய்யர் கண்ணைப் பார்க்கமாட்டார் என்ற நம்பிக்கை அந்தப் பயிற்றுநருக்கு மட்டும் உரியதல்ல. "ஒருவர் பொய் சொல்வதை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?" என்று 58 நாடுகளில் கேட்டு, 2006 இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாவற்றிலும் அதிகமாக வந்த விடை இதுதான்: கண்ணைப் பார்க்கமாட்டார். உலகம் முழுவதும் ஒரே மாதிரி நம்புகிறது. உலகம் முழுவதும் ஒரே மாதிரிப் பிழைவிடுகிறது. பொய் சொல்பவர்களையும் உண்மை சொல்பவர்களையும் படம்பிடித்து ஒப்பிட்ட ஆய்வுகளில், பார்வையை விலக்குவதற்கும் பொய்க்கும் நம்பத்தக்க தொடர்பு எதுவும் வெளிப்படவில்லை. பொய்யைக் கண்டுபிடிக்கும் மனிதரின் திறமையை அளந்த ஆய்வுகளையெல்லாம் ஒன்றுசேர்த்து, அதே ஆண்டில் சார்ள்ஸ் பொண்ட், பெல்லா டிபோலோ என்ற இருவர் கணக்கிட்டார்கள். 24,000 பேருக்கு மேல் தீர்ப்புச் சொல்லியிருந்தார்கள். சரியாகச் சொன்னது சராசரியாக 54 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்தாலே 50 கிடைக்கும்.

இனி, பிறவியா வளர்ப்பா என்ற கேள்விக்கு வருகிறேன். இரண்டும்தான் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்குகிறது என்று பார்த்தால்தான் உங்கள் மாணவன் விளங்குவான்.

கண்ணிலிருந்து தொடங்குவோம். பிறந்து இரண்டு முதல் ஐந்து நாளான குழந்தைகளுக்கு இரண்டு முகங்களைக் காட்டினால், தன்னை நேரே பார்க்கும் முகத்தையே அதிக நேரம் பார்க்கின்றன. 2002 இல் வெளிவந்த ஆய்வு இது. அந்த வயதில் எந்த அம்மம்மாவும் எதையும் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. ஆகவே, "என்னை யார் பார்க்கிறார்கள்?" என்ற கவனம் உடலோடு பிறக்கிறது. மக்காக் வகைக் குரங்குகளிடம் நேர்ப்பார்வைக்கு இன்னொரு பொருளும் உண்டு. வெறித்துப் பார்ப்பது அவற்றிடையே மிரட்டல். நம் தோட்டங்களை நாசமாக்கும் செங்குரங்கும் அந்த வகைதான். கண்ணை எடுக்காமல் முறைத்துப் பாருங்கள், அது சும்மா இருக்காது. பார்வையைத் திருப்பிக்கொள்வது "சண்டைக்கு வரவில்லை" என்பதற்கு அடையாளம். மனிதனுக்கு வெகு முன்பே வந்துவிட்ட அடையாளம் அது.

இதற்கு மேல் கலாசாரம் ஏறி உட்காருகிறது. பின்லாந்தினரையும் ஜப்பானியரையும் ஒப்பிட்டு 2013 இல் வெளிவந்த ஓர் ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. நேரே பார்க்கும் முகத்தைக் கண்டதும் இரு சாராரின் இதயத் துடிப்பும் ஒரே மாதிரிக் கொஞ்சம் தணிந்தது. கவனம் கூர்மையாகும்போது உடல் செய்யும் வேலை அது. ஆனால் "இந்த முகம் எப்படிப்பட்டது?" என்று கேட்டபோது, ஜப்பானியர் அதே நேர்ப்பார்வை முகத்தை அதிகக் கோபமுள்ளதாகவும் கிட்ட நெருங்கமுடியாததாகவும் மதிப்பிட்டார்கள். இதயத்துக்கு ஒரே கேள்விதான் கேட்டது. விடையை அவரவர் வளர்ந்த வீடு எழுதியது.

அந்த வீடு நம் வன்னியில் எப்படிப்பட்டது என்று உங்களுக்கு நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்திலும் இது முற்றாக மறைந்துவிடவில்லை. பெரியவர் கண்டிக்கும்போது நிமிர்ந்து பார்த்தால், "என்ன முறைக்கிறாய்?" என்ற அடுத்த அதட்டல் வரும். கீழே பார்ப்பது அங்கே பணிவு. நேரே பார்ப்பது எதிர்ப்பு. ஆனால் இதை "நம் பண்பாடு" என்று மாலை போட்டுக் கொண்டாடவும் நான் தயாராக இல்லை. கண்ணைத் தாழ்த்துவதில் மரியாதை பாதி என்றால் அதிகாரம் மீதி. தோளிலிருந்த சால்வையை இடுப்பில் கட்டச் சொன்ன சமூகம், கதிரையில் உட்காரவிடாத சமூகம், கண்ணையும் தாழ்த்தச் சொன்னது. பின்பு போர்க்காலம் வந்தது. சோதனைச் சாவடியில் ஆயுதம் ஏந்தியவனின் முகத்தை நேரே பார்க்காதே என்று தம் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்ததை என்னிடம் வரும் பெற்றோர் பலர் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் மாணவன் போருக்குப் பின் பிறந்தவன். அந்தப் பழக்கத்தோடு உயிர்தப்பி வந்தவர்தான் அவனை வளர்க்கிறார். அவர் உங்கள் அறை வாசலிலேயே நின்றதையும், கதிரையில் உட்காராததையும் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது பேரனைப் பற்றி அவர் சொன்ன வாக்கியத்துக்கு அவரே நின்று காட்டிய உதாரணம். அவர் திருடியதால் வாசலில் நின்றார் என்று நீங்கள் நினைக்கவில்லை அல்லவா?

தலை குனிவதையும் தோள் சுருங்குவதையும் பற்றி ஓர் ஆச்சரியமான செய்தி உண்டு. 2004 இல் ஏதென்ஸில் நடந்த ஒலிம்பிக், பராலிம்பிக் ஜூடோப் போட்டிகளில் வென்றவர்களும் தோற்றவர்களும் என்ன செய்தார்கள் என்று படங்களை வைத்து ஜெசிக்கா ட்ரேசி, டேவிட் மட்சுமோட்டோ என்ற இருவர் ஆராய்ந்தார்கள். தோற்றவர்களின் தோள் தளர்ந்தது, நெஞ்சு ஒடுங்கியது. பிறவியிலேயே பார்வையற்றவர்களும் அப்படியே செய்தார்கள். எவரையும் பார்த்துப் பழகியிருக்க வழியில்லாதவர்கள் அவர்கள். இது ஒரு பாதி. மறுபாதி இன்னும் சுவையானது: மேற்கு நாடுகளைச் சேர்ந்த, பார்வையுள்ள வீரர்களிடம்தான் இந்த ஒடுக்கம் குறைவாகத் தெரிந்தது. அதாவது, தோற்றாலும் நிமிர்ந்து நில் என்று அவர்கள் பழக்கப்பட்டிருக்கிறார்கள். நாம் வழக்கமாக எண்ணுவது வேறு விதம்: வெள்ளைக்காரப் பிள்ளை நிமிர்ந்து நிற்பது இயல்பு, நம் பிள்ளை குனிவது வளர்ப்பு. பட்டறைகளும் அப்படித்தான் போதிக்கின்றன. படங்கள் ஏறக்குறைய எதிர்ப்பக்கத்தைக் காட்டின.

சிரிப்புக்கு வருவோம். உங்களை அதிகம் புண்படுத்தியது அதுதான் என்று கடிதத்தின் தொனி சொல்கிறது.

எல்லாச் சிரிப்பும் ஒன்றல்ல. பிரான்ஸ் நாட்டு மருத்துவர் டுஷேன் 1862 இலேயே இதைக் காட்டினார். மகிழ்ச்சிச் சிரிப்பில் வாயோரம் மேலேறுவதோடு கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்கும், கன்னம் உயரும், கண்ணோரம் மடிப்பு விழும். பலருக்கு அந்தத் தசை நினைத்தவுடன் இயங்காது. உங்கள் மாணவன் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரித்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். வரும் சிரிப்பை அடக்க முயல்வதற்கான அடையாளம் அது. டாக்கர் கெல்ட்னர் என்ற அமெரிக்க உளவியலாளர் 1995 இல், வெட்கப்பட்ட மனிதர்களின் முகத்தை நொடி நொடியாகப் பகுத்துப் பார்த்தார். முதலில் கண் கீழே போகிறது. பின்பு சிரிப்பு வருகிறது. அதை அடக்க உதடு இறுகுகிறது. தலை குனிந்து ஒரு பக்கம் திரும்புகிறது. கை சிலவேளை முகத்தைத் தொடுகிறது. எல்லாம் சில நொடிகளுக்குள் முடிந்துவிடும். நீங்கள் எழுதிய வரிகளையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சப்பாத்தால் நிலத்தைத் தேய்த்ததைத் தவிர அநேகமாக எல்லாம் ஒத்துப்போகிறது.

கெல்ட்னர் இதற்குத் தந்த விளக்கம், இது சமாதானம் கோரும் அடையாளம் என்பது. இதன் வேரும் மனிதக் குரங்குகள், குரங்குகள் பக்கம் போகிறது. யான் வான் ஹூஃப் என்ற டச்சு ஆய்வாளர் 1972 இல், சிம்பன்சிகளிலும் குரங்குகளிலும் இரண்டு தனி முகங்களைப் பிரித்துக் காட்டினார். விளையாட்டில் வாயைத் தளர்வாகத் திறக்கும் முகம் ஒன்று. நம் வாய்விட்ட சிரிப்புக்கு உறவு அது. பலசாலியின் முன் பல்லைச் சத்தமில்லாமல் காட்டும் முகம் மற்றது. நம் புன்னகைக்கு உறவு. சின்னக் குரங்கு பெரிய குரங்குக்கு முன் பல்லைக் காட்டுவது கேலி செய்வதற்காக அல்ல. தேநீர்க்கடையில் கடன் கேட்டவனைப் பார்த்து இளிப்பவன், அதிபரின் அறையில் நின்று சிரிக்கும் இளம் ஆசிரியர், திருமண வீட்டில் முன்பின் தெரியாதவர்களிடையே மாட்டிக்கொண்ட நீங்களும் நானும் எல்லோரும் செய்வது இதைத்தான். அதட்டும் குரல் உயர உயர அந்தச் சிரிப்பு விரியும். அதைக் கண்டு பெரியவருக்கு இன்னும் கோபம் வரும். வகுப்பறைகளில் அடி விழுவதில் பாதி இந்தச் சுழலில்தான் விழுகிறது என்பது என் அபிப்பிராயம்.

"அப்படியானால் உணர்ச்சிகளின் முகம் உலகெங்கும் ஒன்றுதானா?" என்று கேட்பீர்கள். இது இன்னும் தீராத வழக்கு. டார்வின் 1867 இல் உணர்ச்சி வெளிப்பாடு பற்றி 16 கேள்விகளை அச்சிட்டு, உலகின் பல பகுதிகளில் இருந்த மிஷனரிமாருக்கும் அதிகாரிகளுக்கும் அனுப்பினார். வந்த விடைகளை வைத்து 1872 இல் நூல் எழுதினார். இலங்கையில் பிடிபட்டுக் கட்டப்பட்ட யானைகள் கண்ணீர் விட்டதாக, இங்கே ஆங்கிலேய அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதியதைக்கூட அதில் சேர்த்திருக்கிறார். (யானை உணர்ச்சியால் அழுகிறது என்பதை இன்று பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. இரவில் பயிரை மிதித்துவிட்டுப் போகும் யானையை விரட்டும் நம் கமக்காரர்களும் ஏற்கமாட்டார்கள்.) அந்தக் கேள்விகளில் ஒன்று, ஆம் என்பதற்குத் தலையை மேலும் கீழுமாகவும், இல்லை என்பதற்குப் பக்கவாட்டிலும் அசைக்கிறார்களா என்பது. பால் வேண்டாத குழந்தை தலையைப் பக்கத்துக்குத் திருப்புவதிலிருந்து "இல்லை" பிறந்திருக்கலாம் என்று டார்வின் கருதினார். நல்ல ஊகம்தான். ஆனால் பல்கேரியாவில் பக்கவாட்டில் அசைத்தால் "ஆம்". நாமோ தலையைத் தோள்பக்கம் மெல்லச் சாய்த்து "ஓம்" என்கிறோம். புதிதாக வந்த வெளிநாட்டு உத்தியோகத்தர்கள் எத்தனை பேர் அதை மறுப்பு என்று குறித்துக்கொண்டு போனார்களோ தெரியாது. தலையசைப்பு, கை கூப்புதல், கூப்பிடும்போது உள்ளங்கையைக் கீழ்நோக்கி அசைத்தல் போன்றவற்றை ஊர் தருகிறது. திடுக்கிடல், அழுகை, வலியில் முகம் சுளித்தல் ஆகியவற்றை உடல் தருகிறது. பார்வையும் கேட்கும் திறனும் இரண்டுமே இல்லாமல் பிறந்த குழந்தைகளும் சிரிப்பதையும் அழுவதையும் ஐபில்-ஐபெஸ்ஃபெல்ட் என்ற ஆய்வாளர் படம்பிடித்திருக்கிறார். கையசைவுகூட முழுக்கப் பார்த்துப் பழகியது அல்ல: பிறவியிலேயே பார்வையற்ற பிள்ளைகள் பேசும்போது கையை அசைக்கிறார்கள், கேட்பவரும் பார்வையற்றவர் என்று தெரிந்தும்கூட.

போல் எக்மன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1960களின் இறுதியில் பப்புவா நியூகினியின் மலைப்பகுதிக்குப் போய், வெளி உலகத்தோடு அதிகம் பழகாத மக்களிடம் படங்களைக் காட்டி, ஆறு அடிப்படை உணர்ச்சிகளின் முகம் எங்கும் ஒன்றே என்றார். நீண்டகாலம் பாடப்புத்தகங்கள் அதையே சொல்லின. 2016 இல் அதே நாட்டின் ட்ரோப்ரியண்ட் தீவுகளில் செய்த ஆய்வு அதை ஆட்டிவிட்டது. கண் விரிந்து வாய் திறந்த முகத்தை எக்மன் பயம் என்றார். அந்தத் தீவு இளைஞர்கள் அதை மிரட்டல் என்றார்கள். ஆகவே ஆறு படங்களை ஒட்டிவைத்து "இது கோபம், இது பயம்" என்று மனப்பாடம் செய்விக்கும் பயிற்சிகளை நான் பரிந்துரைப்பதில்லை.

எக்மனும் அவருடன் வேலை செய்த ஃப்ரீசனும் சொன்ன இன்னொன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க மாணவர்களும் ஜப்பானிய மாணவர்களும் கோரமான காட்சிகளைத் தனியாகப் பார்த்தபோது முகம் ஏறக்குறைய ஒரே மாதிரிச் சுளித்தது. பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தபோது ஜப்பானியர் சுளிப்பின்மேல் புன்னகையைப் போர்த்தினார்கள். இந்த ஆய்வைக் குறை கூறுபவர்களும் உண்டு. ஆனால் யார் முன்னால் எதைக் காட்டலாம் என்ற விதி ஒவ்வொரு சமூகத்திலும் உண்டு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. நம் மரண வீட்டுக்குப் போய்ப் பாருங்கள். பெண்கள் ஒருவர் தலையை மற்றவர் தோளில் சாய்த்து, கட்டிப்பிடித்து, குரலெடுத்து அழுவார்கள். புதிதாக ஒருத்தி படலைக்குள் நுழைந்ததும் தணிந்த அழுகை மறுபடி எழும். ஆண்கள் பந்தலில் பிளாஸ்டிக் கதிரைகளில் கையைக் கட்டிக்கொண்டு நிலத்தைப் பார்த்தபடி இருப்பார்கள். இறந்தவரின் மகன்கூட அப்படித்தான் இருப்பான். அவனுக்குத் துக்கம் குறைவு என்று ஊரில் யாரும் சொல்வதில்லை. மரண வீட்டில் இவ்வளவு நுணுக்கமாக வாசிக்கத் தெரிந்த நாம், வகுப்பறைக்குள் வந்தவுடன் வேறு ஆளாகிவிடுகிறோம்.

வன்னியில் இன்னொன்றும் உண்டு. உங்களைப் போல வெளியிலிருந்து வருபவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது. 2009 ஐக் கடந்து வந்தவர்களில் சிலர், தம் பிள்ளையை இழந்ததைச் சமனான குரலில், முகத்தில் ஒரு தசை அசையாமல் சொல்வார்கள். பெரும் அதிர்ச்சிக்குப் பின் உணர்ச்சி மரத்துப்போவது நன்கு அறியப்பட்ட ஒரு விளைவு. அதை "இவருக்குப் பெரிதாகப் பாதிப்பில்லை" என்று படிவத்தில் எழுதியவர்களை நான் கண்டிருக்கிறேன். "அழாமல் சொல்கிறார், உண்மையாக இருக்குமா?" என்று காதோடு கேட்டவர்களையும் கண்டிருக்கிறேன். அழுதால் நடிப்பு, அழாவிட்டால் பொய் என்றால் அந்த மனிதர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நம் தொல்காப்பியம் மெய்ப்பாடுகளை, அதாவது உடலில் வெளிப்படும் உணர்ச்சிகளை, எட்டாக வகுத்தபோது, ஒவ்வொன்றும் பிறக்கும் நான்கு நிலைக்களன்களைச் சொன்னது. அச்சத்துக்கு அது தரும் நான்கு: அணங்கு (வருத்தும் தெய்வம்), விலங்கு, கள்வர், தம் இறை. உடலில் தெரிவது ஒரே அச்சம். அது எங்கிருந்து வந்தது என்பதற்கு நான்கு வாசல். கடைசியாக உள்ள இறை, தனக்கு மேலே அதிகாரத்தோடு இருப்பவர். உங்கள் வகுப்பறையில் அது நீங்கள்தான். பிடிபட்டுவிடுவேனோ என்று நடுங்குபவனும், சொன்னால் நம்பமாட்டார்களே என்று நடுங்குபவனும் ஒரே மாதிரித்தான் நடுங்குவார்கள். முகத்தைப் பார்த்து வாசலைச் சொல்லமுடியாது. விசாரிக்கவேண்டும்.

ஆகவே, பிழையாக வாசித்துவிட்டேனா என்ற கேள்விக்கு என் விடை: அவன் வெட்கப்பட்டான், பயந்தான் என்று வாசித்தவரை சரி. "ஆகவே எடுத்தான்" என்று சேர்த்த இடத்தில்தான் பிழை. அதைத் திருத்தலாம், காலம் கடத்தினால் கடினமாகும்.

இந்த வாரமே அவன் வீட்டுக்குப் போங்கள். அதிபரையோ வேறு ஆண் ஆசிரியரையோ கூட்டிக்கொண்டு போகவேண்டாம். அது கைதுசெய்ய வந்ததுபோல் இருக்கும். வருவதாக முதல்நாளே சொல்லி அனுப்புங்கள். அம்மம்மா தேநீர் தருவார். வேண்டாம் என்று சொல்லாமல் குடியுங்கள். எதையாவது கேட்பதற்கு முன், எல்லோர் முன்னிலையிலும் எழுப்பிக் கேட்டது சரியில்லை என்பதை அவன் காதில் விழும்படி அம்மம்மாவிடம் சொல்லுங்கள். பின்பு அவனோடு பேசும்போது எதிரெதிரே உட்காரவேண்டாம். திண்ணையிலோ மரத்தடியிலோ பக்கத்துப் பக்கத்தில் இருந்து, இருவரும் முற்றத்தைப் பார்த்தபடி கதையுங்கள். "எடுத்தாயா?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். "அன்று இடைவேளையில் நடந்ததைத் தொடக்கத்திலிருந்து சொல்லு" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். யார் வந்தார், யார் போனார், லாச்சி எப்போது திறந்திருந்தது என்பதெல்லாம் மற்றவர்களிடம் கேட்டுச் சரிபார்க்கக்கூடிய விடயங்கள். சரிபார்க்கக்கூடியதை வைத்துத்தான் முடிவு. எதுவும் சரிவராவிட்டால், பணம் எப்படிப் போனது என்று தெரியவில்லை என்பதே உங்கள் முடிவாக இருக்கட்டும். அதிபரிடமும் வகுப்பிடமும் அதையே சொல்லுங்கள். வகுப்பில் குற்றம் சாட்டியதை ஆசிரியர் அறையில் மட்டும் திரும்பப் பெறமுடியாது.

யாராவது ஒரு சக ஆசிரியர், கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யவைக்கலாம் என்று யோசனை சொல்லுவார். அநேகமாகச் சொல்லியிருப்பார்கள். அம்மன் முன் கைநடுங்குவது குற்றவாளிக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் சொல்லும் யோசனை அது. செய்யவேண்டாம்.

கடைசிக் கேள்வி: கண்ணைப் பார்த்துப் பேசப் பழக்கலாமா? தாராளமாகப் பழக்குங்கள், தேவையும்தான். கொழும்பில் நேர்முகப் பரீட்சைக்குப் போகும் பிள்ளை நிலத்தைப் பார்த்தால், அதன் கெட்டித்தனம் எதிரில் இருப்பவருக்குத் தெரியப்போவதில்லை. ஆனால் அதை ஒழுக்கப் பாடமாக்காமல், ஆங்கிலம் கற்பிப்பதுபோல ஒரு மேலதிகத் திறமையாகச் சொல்லிக்கொடுங்கள்: இந்த இடத்தில் இப்படிப் பார்த்தால் மரியாதை, அம்மம்மா முன் அப்படிப் பார்த்தால் மரியாதை, இரண்டும் தெரிந்திருப்பது நல்லது. முதலில் ஒத்த வயதினரோடு பழகட்டும். இருவர் இருவராக உட்கார்ந்து ஒருவர் கேள்வி கேட்க மற்றவர் விடை சொல்லட்டும். கேட்கும்போது முகத்தைப் பார்த்தால் போதும். சிந்திக்கும்போது கண்ணை எங்கே கொண்டுபோனாலும் விட்டுவிடவேண்டும். பிரித்தானியாவில் க்வினெத் டொஹெர்ட்டி-ஸ்னெடனும் அவருடன் வேலை செய்தவர்களும் ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் கேள்வி கேட்கப்படும்போது பார்வையை விலக்கப் பழக்கினார்கள்; விடைகள் மேம்பட்டன. 2006 இல் வெளிவந்த முடிவு அது. எதிரில் உள்ள முகம் மூளைக்கு நிறைய வேலை தருகிறது. அதைவிட்டுக் கண் விலகினால் அந்த வலு கேள்விக்குப் போகிறது. ஆகவே, நாளை கணக்குப் பாடத்தில் ஒரு பிள்ளை உங்களை விட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றால், "இங்கே பார்" என்று சொல்லாமல் இன்னும் கொஞ்ச நேரம் கொடுங்கள்.